கத்திக்கு முன் ஆறு வாரம்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 1910-களில், ஜார்ஜ் கிரைல் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் நோயாளிகளின் தைராய்டைத் திருடிக்கொண்டிருந்தார். திருட்டு என்பது நான் சூட்டிய பெயர் இல்லை. தைராய்டைத் திருடுதல் என்றுதான் அந்த முறையை மருத்துவர்களே அழைத்தார்கள்.

கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, விரல்கள் நடுங்க, சும்மா படுத்திருக்கும்போதே நாடி தடதடவென்று ஓடும் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். ஆபரேஷன் என்றைக்கு என்று அவளிடம் சொல்வதில்லை. தினமும் காலையில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் அவளுடைய அறைக்கே வருவார். மூக்கையும் வாயையும் மூடும் கருவியை முகத்தில் வைத்து, மூச்சு வழியாகத் தரும் சிகிச்சை இது என்பார். மயக்கம் வரும் அளவுக்கு அதில் எதுவும் இருக்காது. சில நாட்களில் அது காலைக் காபிபோலப் பழகிவிடும். பிறகு ஒருநாள் அதே நர்ஸ், அதே கருவி, அதே பேச்சு. உள்ளே வருவது மட்டும் நைட்ரஸ் ஆக்சைடு. அவள் கண்விழிக்கும்போது கழுத்தில் கட்டுப் போட்டிருக்கும்.

இன்றைக்கு ஒரு டாக்டர் இப்படிச் செய்தால் நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும். கிரைல் அதைச் செய்ததற்குக் காரணம் இருந்தது. தைராய்டு மிகுதியாகச் சுரக்கும் நோயாளிகள் விசித்திரமான முறையில் செத்துப்போனார்கள். அறுவை ஒழுங்காக முடிந்திருக்கும், ரத்தம் கசிந்திருக்காது, காயத்தில் சீழும் இருக்காது. அன்று இரவே காய்ச்சல் கொதிக்கத் தொடங்கும். நாடி எண்ண முடியாத வேகத்துக்குப் போகும். நோயாளி பிதற்றுவார், கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்ப்பார், ஓரிரு நாளில் முடிந்துவிடும். இதற்குத் தைராய்டு புயல் என்று பெயர். பயம்தான் இந்தப் புயலைக் கிளப்புகிறது என்று கிரைல் நம்பினார். நோயாளிக்கே தெரியாமல் அறுவையை முடித்துவிட்டால் பயத்துக்கு இடமிருக்காது என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பாதி சரி.

நூறு ஆண்டுகள் கழித்து, எங்கள் சித்தியின் கதைக்கு வருகிறேன். கழுத்துக் கட்டிக்காக ஆபரேஷன் நாள் குறித்தாயிற்று. முதல் நாள் அனஸ்தீசியா ஃபிட்னஸ் வாங்கப் போனபோது, மயக்க மருந்து டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "டி4 ரொம்பக் கூடியிருக்கும்மா. மாத்திரை எழுதித் தர்றேன், ஆறு வாரம் கழிச்சு வாங்க."

சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். "லீவு போட்டாச்சு, முன்பணம் கட்டியாச்சு. அந்தச் சுரப்பிதானே அதிகமா சுரக்குது? அதை எடுத்துட்டா ஹார்மோன் தன்னால குறையப் போகுது. குறைச்சுட்டு வந்தாத்தான் எடுப்பேன்னா என்ன சார் நியாயம்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஓடுற பஸ்ஸுல டயர் மாத்த முடியுமா சார்?"

பதில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சித்தப்பாவின் கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. அவருடைய கேள்வி புத்திசாலித்தனமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் மருத்துவ உலகம் அரை நூற்றாண்டு அலைந்தது.

தைராய்டு 20 கிராம்கூடத் தேறாத சுரப்பி. அது விடுகிற சரக்கில் பெரும்பங்கு டி4, அதாவது தைராக்சின். உடலின் திசுக்கள் அதை டி3 ஆக மாற்றிப் பயன்படுத்துகின்றன. இந்த ஹார்மோன் கூடினால் உடம்பின் எல்லா அடுப்புகளும் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கும். பிராண வாயு அதிகம் தேவைப்படும், சூடு ஏறும், சாப்பிட்டாலும் எடை குறையும். அதைவிட முக்கியமாக, அட்ரினலினை ஏற்றுக்கொள்ளும் வாசல்கள் இதயத்தில் பெருகிவிடும். மற்றவர்களுக்கு லேசாகப் படபடக்கச் செய்யும் அட்ரினலின், இவர்களுடைய இதயத்தைத் தறிகெட்டு ஓடவைக்கும். அறுவை மேசையில் அட்ரினலின் பெருகும் தருணங்களுக்குக் குறைவில்லை. மூச்சுக் குழாய்க்குள் டியூபை இறக்கும்போது, சுரப்பியைக் கையாளும்போது, வலியோடு விழிக்கும்போது. கிரைல் பயத்தைக் குற்றவாளியாக்கியது இதனால்தான். பயம் தீக்குச்சி மட்டும்தான் என்பதும், வைக்கோல் போர் ரத்தத்தில் இருக்கிறது என்பதும் அவர் கண்ணில் சரியாகப் படவில்லை.

இனி சித்தப்பாவின் கேள்வி. சுரப்பியை எடுத்த மறுநிமிடமே ரத்தத்தில் ஹார்மோன் குறைந்துவிடாது. டி4 பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். அடுத்த 7 நாளில் அதில் பாதி. ஆக, ஆபரேஷன் முடிந்த அன்று இரவு, கழுத்தில் சுரப்பி இல்லாவிட்டாலும், உடம்பில் காலையில் இருந்த ஹார்மோன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். புயல் வீசக்கூடிய நேரமும் அறுவையின்போதோ அதை அடுத்த ஒரு நாளுக்குள்ளோதான். நோயை ஒழித்துவிடுகிறோம், சரி. ஆனால் அந்த இரவைத் தாண்ட வேண்டுமே.

இன்னொரு விஷயமும் உண்டு. புயலில் சிக்கியவர்களின் ஹார்மோன் அளவு, புயல் வராத மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே அளவு உள்ள இரண்டு பேரில் ஒருவர் மறுநாள் இட்லி சாப்பிடுவார், இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை. அதனால்தான் எல்லோரையும் காக்க வைக்கிறார்கள்.

அளவைக் குறைக்கும் வழி முதலில் புலப்பட்டது ஒரு கைத்தவறில். 1863-இல் பாரீஸில் ஆர்மான் துரூசோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணைப் பார்த்தார். நாடி நிமிடத்துக்கு 140-க்கு மேல். இதயத்தை அமைதிப்படுத்த டிஜிடாலிஸ் எழுத நினைத்தார். இவளுக்கு அயோடின் மட்டும் கொடுத்துவிடக் கூடாது என்றும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்பு கைக்கு வந்துவிட்டது, சீட்டில் டிங்சர் அயோடின் என்று எழுதிவிட்டார். இரண்டு வாரம் கழித்து வந்தவளின் நாடி 90. தவற்றைக் கண்டுபிடித்த துரூசோ பதறிப்போய் டிஜிடாலிஸுக்கு மாற்றினார். நாடி மறுபடியும் 150-க்குத் தாவியது. பழையபடி அயோடினுக்கே திரும்பினார்.

தன் தவற்றைத் தானே எழுதி வைத்தார் என்பதற்காகவே துரூசோவை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பாடத்தை அறுவை அரங்குக்குக் கொண்டுபோக மருத்துவ உலகம் 60 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இடையில், தைராய்டு அறுவையின் தந்தை என்று போற்றப்படும் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சர், அயோடின் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடுகிறது என்று எச்சரித்திருந்தார். அவர் சொன்னதும் உண்மை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கோச்சரே சொன்ன பிறகு அதைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்?

துணிந்தவர் மேயோ கிளினிக்கின் ஹென்றி பிளம்மர். சுரப்பி முழுவதுமே மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களுக்கு, அறுவைக்கு முன்பு சில நாட்கள் லூகால் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். அயோடினையும் பொட்டாசியம் அயோடைடையும் தண்ணீரில் கரைத்தால் லூகால் கரைசல். பாரீஸ் மருத்துவர் லூகால் 1829-இல் தயாரித்த பழைய சரக்கு. பிளம்மர் தன் அனுபவத்தை 1923-இல் வெளியிட்டார். அதுவரை இந்த நோயாளிகளுக்குத் தவணை முறையில்தான் அறுவை. முதலில் ரத்தக் குழாய்களை மட்டும் கட்டுவார்கள், சில வாரம் கழித்து ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அயோடின் வந்த பிறகு ஒரே தடவையில் முடிக்க முடிந்தது, உயிரிழப்பும் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. கிளீவ்லாந்துத் திருட்டுக்கும் வேலை இல்லாமல் போனது.

அயோடினால் செய்ய முடியாததை 1943-இல் பாஸ்டனைச் சேர்ந்த எட்வின் ஆஸ்ட்வுட் செய்தார். ஹார்மோன் உற்பத்தியையே தடுக்கும் தயோயுராசிலை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். கிரைல் காலமானது அதே ஆண்டின் தொடக்கத்தில். நம் ஊர் மருந்துக் கடைகளில் இன்று கிடைக்கும் கார்பிமசோல் இந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்தது.

கார்பிமசோலை இன்று விழுங்கினால் நாளைக்கே அளவு இறங்கிவிடாதா? இறங்காது. தைராய்டு, மற்ற சுரப்பிகளைப்போல அன்றன்றைக்குச் சமைத்து அன்றன்றைக்குப் பரிமாறும் சுரப்பி இல்லை. வாரக்கணக்கில், சமயத்தில் இரண்டு மாதத்துக்குக்கூடப் போதுமான ஹார்மோனைத் தன் சின்னஞ்சிறு பைகளில் சேமித்து வைத்திருக்கும். குதிரில் நெல் இருப்பதுபோல. மாத்திரை, வயலிலிருந்து புது நெல் வருவதை நிறுத்தும். குதிரில் ஏற்கெனவே இருப்பதைத் தொடாது. அது செலவாகித் தீர வேண்டும். சித்திக்குச் சொன்ன ஆறு வாரம் இந்தக் குதிர் காலியாகும் நேரம்தான். டாக்டரின் வசதிக்காகவோ, அரங்கு காலி இல்லாததாலோ சொன்ன கணக்கு அல்ல. சிலருக்கு நான்கு வாரம் போதும், சிலருக்கு எட்டு வாரமும் தாண்டும்.

அதுவரை இதயத்தைப் பார்த்துக்கொள்வது புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளின் வேலை. பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கியது புரோப்ரனலால். அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு. அட்ரினலின் வந்து தட்டும் வாசலை இது அடைத்து நிற்கும். நாடி இறங்கும், நடுக்கம் குறையும். இதில் ஒரு மயக்கமும் இருக்கிறது. நோயாளிக்கு உடம்பு தேறிவிட்டதுபோல் தோன்றும், ஆனால் ஹார்மோன் அப்படியேதான் இருக்கும். "படபடப்பு நின்னுருச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று கார்பிமசோலை நிறுத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இன்று புயலைக் கிளப்பும் காரணங்களில் அறுவையைவிடத் தொற்றும், மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும்தான் முன்னால் நிற்கின்றன. ஆஸ்துமா இருப்பவர்கள் புரோப்ரனலால் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது மூச்சுக் குழலைச் சுருக்கிவிடும்.

அயோடின் சொட்டுகள் கடைசிப் பத்து நாட்களுக்கு மட்டும். பாலிலோ பழச்சாறிலோ கலந்து குடிக்கலாம், உலோகத்தை நக்கியதுபோல ஒரு சுவை இருக்கும். அளவுக்கு மீறிய அயோடின் வந்தால் தைராய்டு மலைத்துப்போய் வேலையை நிறுத்திவிடும். குதிரின் கதவையும் சாத்திவிடும். கிரேவ்ஸ் நோயில் சுரப்பி முழுக்க ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ரத்தம் பாயும் இரைச்சலே சிலருக்குக் கேட்கும். அயோடின் அதையும் வற்றச் செய்கிறது. அறுப்பவருக்கு இது பெரிய உதவி. குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியின் முதுகை ஒட்டித்தான் ஓடுகிறது. ரத்தம் வழிந்துகொண்டிருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் இந்த மலைப்பு நீடிக்காது. இரண்டு வாரத்தை நெருங்கினால் சுரப்பி சுதாரித்துக்கொண்டு, கிடைத்த அயோடினையே மூலப்பொருளாக்கிப் பழையபடி சுரக்கத் தொடங்கலாம். அதனால் அயோடின் தொடங்கிவிட்டால் ஆபரேஷன் நாளைத் தள்ளக் கூடாது. ஊரில் கொடை, வீட்டில் விசேஷம் என்று தேதி மாற்றுகிறவர்கள் சொட்டு தொடங்குவதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். சுரப்பியில் தனித்தனிக் கட்டிகள் தன்னிச்சையாகச் சுரக்கும் நோய் என்றால் அயோடின் கொடுப்பதே இல்லை. அந்தக் கட்டிகள் மலைத்து நிற்காது, அயோடினைத் தின்று கொழுக்கும். கோச்சர் எச்சரித்தது இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்பது இந்த விவகாரத்தில் பாதி. நம் ஊரில் தைராய்டு என்றாலே டி.எஸ்.எச். ஒன்றுதான். அது 0.4-லிருந்து 4 வரை இருந்தால் நிம்மதி, இல்லையென்றால் கலக்கம். ஆனால் டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளைக் கடிதம் அது. ஹார்மோன் மிகுந்து கிடந்த காலத்தில் பிட்யூட்டரி கடிதம் எழுதுவதையே நிறுத்தியிருக்கும். மருந்தால் டி4-உம் டி3-உம் இயல்புக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அது பேனாவை எடுக்காது. ஆகவே டி.எஸ்.எச். 0.01 என்று இருந்தாலும், டி4, டி3 சரியாக இருந்து நாடியும் நிதானமாக இருந்தால் அந்த நோயாளி அறுவைக்குத் தயார். டி.எஸ்.எச். ஏறட்டும் என்று காத்திருப்பது எச்சரிக்கை அல்ல, வீண் தாமதம் என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல் அழகு நிலையத்திலிருந்து வருகிறது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடாதவர்கள் இப்போது குறைவு. பல ஆய்வுக்கூடங்களின் ஹார்மோன் பரிசோதனையே பயோட்டினைப் பிடிகயிறாக வைத்துத்தான் இயங்குகிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் பரிசோதனை குழம்பி, டி4 கூடியதுபோலவும் டி.எஸ்.எச். குறைந்ததுபோலவும் காட்டிவிடும். தைராய்டு கூடினால் முடி கொட்டும், முடி கொட்டினால் பயோட்டின், பயோட்டின் தின்றால் தைராய்டு கூடியதாக ரிப்போர்ட். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் இன்னும் முன்னதாக.

காத்திருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். கார்பிமசோல் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ரத்த வெள்ளணுக்களை அடியோடு சரித்துவிடும். அவர்களுக்கு அந்த மருந்தை மறுபடி கொடுக்க முடியாது. சிலருக்குக் கட்டி மூச்சுக் குழாயை நெரித்துக்கொண்டிருக்கும். இதயத் துடிப்பின் தாளம் தப்பியதற்காக அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு வகை. அந்த மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். அது தைராய்டைக் கிளப்பிவிட்டால் அடக்குவது கடினம், இதயமோ ஏற்கெனவே நலிந்தது. இவர்களுக்கெல்லாம் ஹார்மோன் உயர்ந்திருக்கும்போதே அறுவை செய்யத்தான் வேண்டும். பீட்டா தடுப்பு மருந்து, ஸ்டீராய்டு, பொருத்தமானவர்களுக்கு அயோடின், குடலில் ஹார்மோனைப் பிடித்து வெளியேற்றும் கொலஸ்டிரமின் என்று நாலாபக்கமும் அணைகட்டிச் சில நாட்களிலேயே தயார் செய்கிறார்கள்.

இப்படி அவசரமாக அறுத்தவர்களின் முடிவுகளைப் பார்த்த சில பெரிய மையங்கள், அண்மை ஆண்டுகளில் ஒரு கேள்வியை எழுப்பியிருக்கின்றன. கைதேர்ந்த அறுவை நிபுணரும் மயக்கவியல் நிபுணரும் இருந்தால், அளவு இயல்புக்கு வரும்வரை எல்லோரையும் காக்க வைக்கத்தான் வேண்டுமா? அவர்கள் தொகுத்த நோயாளிகளில் புயல் மிக அரிது. காத்திருக்கும் காலத்தில் மருந்தின் பக்க விளைவும் வேலையிழப்பும் உண்டு, மருந்தையே விட்டுவிட்டுக் காணாமல்போகிறவர்களும் உண்டு. வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் எனக்குத் தயக்கம் தீரவில்லை. புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு. 100 பேருக்கு அறுவை செய்து ஒருவருக்கும் புயல் வரவில்லை என்றால், ஆபத்து பூஜ்யம் என்று அர்த்தம் இல்லை. உண்மையான ஆபத்து 3 சதவீதம்வரைகூட இருந்திருக்கலாம், அந்த 100 பேருக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்றுகூடச் சொல்ல இடமிருக்கிறது. புயலில் சிக்குகிறவர்களில் இன்றைய சிகிச்சை வசதிகளோடும் பத்தில் ஒருவரோ அதற்கு மேலோ இறக்கிறார்கள். தவிரவும், அந்த முடிவுகள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் தைராய்டு அறுக்கும் கைகளின் முடிவுகள். நம்மிடமும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறைகள் இருக்கின்றன. எப்போதாவது ஒரு தைராய்டு அறுக்கும் சின்ன ஆஸ்பத்திரி அந்தக் கட்டுரைகளைக் காட்டி அவசரப்படுத்தினால், நோயாளி தயங்குவதுதான் சரி.

இதுவரை சொன்னதெல்லாம் கூடியவர்களின் கதை. குறைந்தவர்களின் கதை வேறு. அதன் தொடக்கமும் கோச்சரிடம்தான்.

ஆல்ப்ஸ் மலைப்பகுதி மண்ணில் அயோடின் குறைவு, அங்கே அந்தக் காலத்தில் கழுத்துக் கழலை ஊருக்கு ஊர். பெர்ன் நகரில் கோச்சர் ரத்தம் சிந்தாமல், நிதானமாக, நுணுக்கமாக அறுத்தார். 1874-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை முழுவதுமாக எடுத்தார். தைராய்டு எதற்கு இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. வருடங்கள் கழித்து, அந்தச் சிறுமி வளராமல், முகம் உப்பி, புத்தி மந்தமாகிவிட்டாள் என்று செய்தி வந்தது. கோச்சர் தன் பழைய நோயாளிகளைத் தேடி அழைத்தார். சுரப்பி முழுவதையும் இழந்து, திரும்ப வந்தவர்கள் 18 பேர். அவர்களில் 16 பேர் அதே நிலையில். 1883-இல் அதை மறைக்காமல் அறிவித்தார். தைராய்டு பற்றிய ஆய்வுகளுக்காக 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிறுமிக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் செலுத்தி இந்தக் குறையை ஈடுகட்டலாம் என்று இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே காட்டியது 1891-இல்தான். அவருடைய முதல் நோயாளி பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானது.

ஹார்மோன் குறைந்த உடம்பில் எல்லாமே மந்தம். இதயம் மெதுவாக அடிக்கும், கொடுத்த மயக்க மருந்தும் வலி மருந்தும் சீக்கிரம் வெளியேறாது, மூச்சு விடும் உந்துதல் குறையும், ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். மிகவும் முற்றினால் நோயாளி குளிர்ந்து நினைவிழந்து போவார். அந்த நிலைக்குப் போனவர்களில் பலர் பிழைப்பதில்லை. இப்படிச் சொன்னால் மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் திகில் பிடிக்கும். இந்தியாவின் எட்டு நகரங்களில், சென்னை உட்பட, நடந்த ஆய்வொன்றில் பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. இவர்களையெல்லாம் அறுவைக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்ப முடியுமா?

வேண்டியதில்லை. 1980-களில் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் இதைப் பார்த்தன. லேசான, நடுத்தரமான குறைவு உள்ளவர்களுக்கும் சாதாரண ஆட்களுக்கும் அறுவையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது ஒன்று. ரத்த அழுத்தம் இறங்குவது, குடல் இயங்காமல் நிற்பது, மனக்குழப்பம் எல்லாம் குறைவு உள்ளவர்களுக்குக் கூடுதல் என்றது இன்னொன்று. ஆனால் உயிரிழப்பில் வித்தியாசம் காணவில்லை. இரண்டாவது ஆய்வில் ஒரு செய்தி எனக்கு மறக்காமல் நிற்கிறது. தைராய்டு குறைந்தவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் வருவது குறைவு. காயத்தில் சீழ் பிடித்தாலும் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்காது.

ஆகவே டி.எஸ்.எச். 8 அல்லது 9, டி4 சரியாக இருக்கிறது என்றால் அதற்காக யாரும் ஆபரேஷனைத் தள்ளிப் போடத் தேவையில்லை. தைராய்டில் புற்றுநோய்க் கட்டி இருந்தால் தள்ளவே கூடாது. டி4 அடிமட்டத்துக்கு இறங்கி, ஆளும் மந்தமாகி இருந்தால், அவசரம் இல்லாத அறுவையைச் சில வாரம் நிறுத்தி ஹார்மோனை ஈடுகட்ட வேண்டும். இதய ரத்தக் குழாய் அடைப்பு இருப்பவர்களுக்கு அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆபரேஷன் அன்று காலைத் தைராக்சின் மாத்திரை விட்டுப்போனது என்று பதறுகிறவர்கள் 7 நாள் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகாது. கார்பிமசோலும் புரோப்ரனலாலும் அப்படி இல்லை. மயக்க மருந்து டாக்டர் சொல்கிறபடி, அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு அவற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும்.

அறுவைக்குப் பிறகு, நீண்ட காலம் ஹார்மோன் கூடிக் கிடந்தவர்களுக்கு ஒரு பின்விளைவு காத்திருக்கும். அத்தனை நாள் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டிருந்தது. சுரப்பி போனதும் எலும்பு பசியோடு ரத்தத்துக் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு குட்டிப் பாராதைராய்டுகளும் அறுவையில் அசைந்து சோர்ந்திருக்கும். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்துப் பார்த்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் இந்தச் சுரப்பியை முதன்முதலாகக் கண்டார். மனித உடலில் அதைத் தெளிவாகக் காட்டியவர், 1880-இல், ஸ்வீடனின் மருத்துவ மாணவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தால் கால்சியம் இறங்குகிறது என்று பொருள், உடனே சொல்ல வேண்டும். முன்கூட்டியே விட்டமின் டி அளவைப் பார்த்துச் சரிசெய்துகொண்டால் இது பெருமளவு குறையும். கழுத்து திடீரென்று வீங்கி மூச்சு முட்டினால் உள்ளே ரத்தம் தேங்குகிறது. அதில் நிமிடங்கள்கூட முக்கியம். பெரும்பாலும் முதல் நாளிலேயே இது தெரிந்துவிடும். அதனால்தான் ஓர் இரவாவது ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

சித்திக்கு ஏழாவது வாரம் அறுவை நடந்தது. டி.எஸ்.எச். அன்றைக்கும் குறைவுதான்; டி4, டி3 சரியாக இருந்தன, நாடி 76. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின். சித்தப்பா இன்னமும் அந்த முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறார்.

காத்திருக்கும் வாரங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், சளி பிடித்திருக்கும் என்று கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பார்த்து வெள்ளணு எண்ணிக்கையைப் பரிசோதித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.